வேவ் பம்ப் செட்டிங்: முன்னால் மணல் பறக்கிறது, பின்னால் சிவப்புப் பாசி. எத்தனையில் வைப்பது?

மூன்றடித்தொட்டி (சிங்கப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். உப்புத்தண்ணீர் தொட்டி ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. நீளம் 36 இன்ச், அகலமும் உயரமும் 18. பாறை, மணல் போக உள்ளே சுமார் 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு க்ளவுன் மீன் ஜோடி, ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன், அதோடு ஒரே வளையில் குடியிருக்கும் பிஸ்டல் இறால். பவளங்களில், நடுப்பாறையில் ஹேமர் கோரல், கீழே கொஞ்சம் ஸோவா, பின்பக்கம் ஒரு லெதர்.

போன மாதம், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் புது டிசி வேவ் பம்ப் வாங்கினேன். டப்பாவில் மணிக்கு 8000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வேகத்துக்கு 20 படி. வலது பக்கக் கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். 14-ல் வைத்தால் இடது முன்மூலையில் மணல் பறந்து அடிக்கண்ணாடி தெரிகிறது, ஹேமர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. பயந்துபோய் 4-க்கு இறக்கினேன். இரண்டே வாரத்தில் பாறைக்குப் பின்னால் சிவப்பாக, மெல்லிய தோல் விரித்தது போலப் பாசி. 8, 10 எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், திருப்தி இல்லை. பம்ப் சத்தம் வேறு. தொட்டி ஹாலில் இருப்பதால் தூக்கம் கெடுகிறது என்று மனைவி சொல்ல, ராத்திரியில் அணைத்துவிட்டுக் காலையில் போடுகிறேன்.

என் அளவுத் தொட்டிக்கு எத்தனையில் வைக்க வேண்டும்? யாராவது ஒரு எண் சொன்னால் போதும்.

எண்ணெழுத்து (பெங்களூரு)

கணக்கு எளிது ப்ரோ. தொட்டியின் தண்ணீரை ஒரு மணிக்கு எத்தனை தடவை பம்ப் சுற்றுகிறது என்று பாருங்கள். லெதர், ஸோவா மாதிரி மென்பவளத்துக்கு 10 முதல் 20 மடங்கு. ஹேமர் போன்றவற்றுக்கு 20-க்குப் பக்கம். அக்ரோபோரா மாதிரிக் கல்பவளம் வைத்தால் 40, 50 தாண்டலாம். உங்களுக்கு 160 பெருக்கல் 20, அதாவது 3200 லிட்டர். 8000-ல் 40 சதவீதம். 20 படியில் 8. அவ்வளவுதான்.

உப்புக்காற்று (சென்னை)

எட்டில் ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறாரே சார்.

தம்பி, அந்த எண்ணைக் கொஞ்சம் மறந்துவிட்டு முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். பம்ப் எதைப் பார்த்து நிற்கிறது? மணல் எப்படிப்பட்டது, சர்க்கரை மாதிரி நைஸா, ரவை மாதிரியா? தண்ணீரின் மேல்மட்டம் அசைகிறதா, கண்ணாடி போல நிற்கிறதா? காலையில் பம்ப் போடுவதற்கு முன் மீன்கள் எங்கே இருக்கின்றன?

டப்பாவில் இருக்கும் 8000 என்பது முன்னால் எதுவும் தடுக்காதபோது கிடைக்கும் அளவு. உங்கள் தொட்டியில் ஒன்றரை அடி போனதும் பாறை. 20-ல் 8 என்றால் 40 சதவீத நீர் என்பதும் உறுதியில்லை. சில கன்ட்ரோலரில் முதல் படியே பாதி வேகத்தில்தான் தொடங்கும்.

மூன்றடித்தொட்டி

பம்ப் நேராக இடது கண்ணாடியைப் பார்க்கிறது. நடுவில் ஹேமர் இருக்கும் பாறை. நைஸ் மணல். மேல்மட்டம், 4-ல் வைத்த பிறகு, அசைவதே இல்லை; லேசாக எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதோ மிதக்கிறது. காலையில் க்ளவுன் இரண்டும் மேலே வந்து நிற்கும். சாப்பாட்டுக்கு நிற்கின்றன என்று நினைத்தேன்.

சிப்பி (கோயம்புத்தூர்)

சாப்பாட்டுக்கு இல்லை! தயவுசெய்து இன்று இரவே அணைப்பதை நிறுத்துங்கள்.

வெளிச்சம் இருக்கும் நேரத்தில் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் பாறைப் பாசியும் ஆக்சிஜன் விடும். விளக்கு அணைந்ததும் அந்த வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். மீன், இறால், மணலுக்குள் இருக்கும் பாக்டீரியா எல்லாம் விடிய விடிய மூச்சு விடுகின்றன. அந்த நேரத்தில் மேல்மட்டமும் அசையாமல், படலமும் மூடியிருந்தால் காற்றிலிருந்து எப்படி உள்ளே இறங்கும்? விடியும் முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு, பிஎச்-சும் இறங்கியிருக்கும். முதல் வருஷம் நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரு ராயல் கிராமா மீனைக் காலையில் எடுத்துப் புதைக்க வேண்டி வந்தது.

ராத்திரி வேகத்தைக் குறைக்கலாம், மீன் தூங்கட்டும். ஆனால் மேல்மட்டம் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றடித்தொட்டி

ஐயோ. சரிங்க அக்கா, இன்று முதல் அணைக்க மாட்டேன். சத்தத்தை வேறு வழியில் சமாளிக்கிறேன்.

உப்புக்காற்று

சிப்பி சொன்னது அவசரம். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

ஹேமருக்கு நீர் எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பவளத்தின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் நிற்கும். பகலில் உள்ளே உண்டாகும் அதிக ஆக்சிஜன் வெளியே போவதும், வேண்டிய சத்து உள்ளே வருவதும், கழிவு வெளியேறுவதும் அந்தப் படலத்தைத் தாண்டித்தான். காற்றே இல்லாத அறையில் ஈரத் துணி போட்டால் காய்கிறதா? ஃபேன் போட்டால் காய்கிறது. நீரோட்டம் அந்த ஃபேன் மாதிரி, படலத்தை மெலிதாக்குகிறது. ஆனால் ஃபேனை முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் பக்கம் மீன்பிடிக்கிறவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வலையை எங்கே இறக்குவது, எப்போது எடுப்பது எல்லாம் நீவாடு பார்த்துத்தான். மன்னார் வளைகுடாவில் நிறையத் தீவுகள் இருக்கின்றன. ஒரே தீவுதான், கடல் பார்த்த பக்கம் அலை அறைந்துகொண்டே இருக்கும், கரை பார்த்த பக்கம் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு விஷயம், தண்ணீர் போனால் திரும்பி வரும். ஒரே பக்கமாக, 24 மணி நேரமும், குழாயில் பீய்ச்சுவது போல எங்கேயும் ஓடாது. உங்கள் தொட்டியில் இப்போது நடப்பது அதுதான். 14-ல் வைத்தால் தடித்த குழாய், 4-ல் வைத்தால் மெல்லிய குழாய்.

அதனால் வேகத்தைத் தொடும் முன் இடத்தை மாற்றுங்கள். பம்பை மேலே ஏற்றுங்கள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மூன்று நான்கு இன்ச். முகத்தை லேசாக மேல் பார்க்கவும், முன்கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் திருப்பியும் வையுங்கள். நீர் முன்கண்ணாடியை உரசிக்கொண்டு போய், இடது கண்ணாடியில் முட்டி, உடைந்து, பாறைக்குப் பின்னால் சுற்றித் திரும்பும். ஹேமருக்கு நேரடி அடி கிடையாது, சுற்றி வரும் நீர்தான் கிடைக்கும்.

எண்ணெழுத்து

உப்புக்காற்று சார், நீங்கள் கவிதையாகச் சொல்கிறீர்கள், எனக்குப் பிடிக்கும். ஆனால் மடங்குக் கணக்கு முட்டாள்தனம் இல்லை. புதிதாகப் பம்ப் வாங்குகிறவருக்கு அது இல்லாமல் எப்படி முடிவெடுப்பது? 160 லிட்டருக்கு 2000 லிட்டர் பம்ப் வாங்கினால் எந்தக் கோணத்தில் வைத்தாலும் போதாது.

உப்புக்காற்று

வாங்கும்போது கணக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வாங்கி ஒட்டிய பிறகு கணக்கை மூடிவைத்துவிட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும். அதுதான் என் கட்சி.

பழைய_பம்பு (கோலாலம்பூர்)

இரண்டு பேரும் சரி. நான் வேறு ஒன்று சொல்கிறேன். ஒட்டியிருக்கும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? காந்தம் எத்தனை மில்லிமீட்டர் வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். என் 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் 10 வரை மட்டும் தாங்கும் பம்பை ஒட்டினேன். ஒரு நாள் ராத்திரி வழுக்கி இறங்கி, மணலைப் பார்த்து ஊதி, காலையில் தொட்டி முழுக்கப் பால். பம்புக்குள் மணல் போய் ரோட்டர் தேய்ந்தது தனிக் கதை.

சத்தத்துக்கு: எந்த மாதிரிச் சத்தம்? ஒரே சீரான முனகலா, கரகரவா?

மூன்றடித்தொட்டி

கண்ணாடி 8 மில்லிமீட்டர், பிரச்சினை இல்லை. சத்தம் கரகர. மிக்ஸியில் காய்ந்த மிளகாய் போட்ட மாதிரி. வாங்கிய புதிதில் இல்லை, அந்த மணல் பறந்த வாரத்துக்குப் பிறகுதான்.

பழைய_பம்பு

அப்போது விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உள்ளே மணல். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே எடுங்கள். முன் கூண்டைத் திருகினால் கழலும், இறக்கையும் காந்தமும் சேர்ந்த துண்டு வரும். நேராக இழுங்கள், பக்கவாட்டில் நெம்ப வேண்டாம். நடுவில் இருக்கும் தண்டு செராமிக்காக இருந்தால் சாக்பீஸ் மாதிரி ஒடியும், நான் இரண்டு ஒடித்திருக்கிறேன். பழைய டூத்பிரஷ்ஷால் குழியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

மணல் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். சுண்ணாம்பும், கல் மாதிரி ஒட்டும் கோரலைன் என்ற பாசியும் படிந்து இறக்கை கனக்கும். அப்போது கன்ட்ரோலர் 10 என்று காட்டும், தண்ணீர் 7 அளவுக்குத்தான் வரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரு வாளியில் ஊற்றி அரைமணி நேரம் பம்பை ஓடவிட்டால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தொட்டிக்குள் போடுங்கள்.

வயர் ப்ளக்குக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் கீழே தொங்கி மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். வயரைப் பிடித்து வரும் உப்புத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டட்டும், ப்ளக்குக்குள் போக வேண்டாம்.

மூன்றடித்தொட்டி

கழற்றினேன். அரை ஸ்பூன் மணல் இருந்தது! கழுவி மாட்டியதும் சத்தம் போய்விட்டது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே உங்களுக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தரலாம் அண்ணா.

உப்புக்காற்று அண்ணன் சொன்னபடி பம்பை மேலே ஏற்றித் திருப்பிவிட்டேன். இப்போது 7. எண்ணெய்ப் படலம் ஒரே மணி நேரத்தில் காணாமல் போனது. கன்ட்ரோலரில் தொடர் ஓட்டம், துடிப்பு, ராண்டம் என்று மூன்று மோடு இருக்கிறது. எதில் விடுவது? துடிப்பில் வினாடியும் மாற்றலாம் போலிருக்கிறது.

எண்ணெழுத்து

துடிப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கணக்கு பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகும் இல்லையா? தொட்டித் தண்ணீரும் அப்படித்தான், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்ப அதற்கென்று ஒரு நேரம் உண்டு. தொட்டி நீளமாக நீளமாக அந்த நேரம் கூடும், தண்ணீர் ஆழமானால் கொஞ்சம் குறையும். உங்கள் மூன்றடிக்கு, தண்ணீர் 40 சென்டிமீட்டர் நின்றால், ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 1.1 வினாடி. நாலடி தொட்டிக்கு 1.3, 1.4. பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நிற்கிற மாதிரி துடிப்பை அந்த இடத்தில் பிடித்தால் மேல்மட்டம் முழுக்க ஏறி இறங்கும். ஹேமர் முன்னும் பின்னும் ஆடும், பார்க்கக் கடல் மாதிரியே இருக்கும்.

சிப்பி

அதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே ஒரு இன்ச் ஏறி இறங்கினால் அந்தக் கனம் முழுக்கப் பக்கக் கண்ணாடியிலும் சிலிக்கான் ஒட்டிலும் மாறி மாறி விழுகிறது. ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும். வீடியோவுக்காக ஐந்து நிமிடம் போடலாம், 24 மணி நேரமும் வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரர் கூரையில் 150 லிட்டர் இறங்கினால் யார் பதில் சொல்வது?

எண்ணெழுத்து

நியாயம். அந்த 1.1-ஐத் தவிர்த்து இரண்டு மூன்று வினாடி துடிப்பில் வையுங்கள், மேல்மட்டம் துள்ளாது.

கொழும்பான் (கொழும்பு)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தம்பி, உங்களிடம் ஒரே ஒரு பம்ப்தானே? ஒன்றை வைத்துத் துடிப்பு போட்டாலும் போகும், நிற்கும், போகும், நிற்கும். எதிர்ப்பக்கம் தள்ள ஆள் இல்லை. வசதி வந்தால் சிறியதாக இன்னொன்றை இடது பின்மூலையில் போடுங்கள். இரண்டும் மாறி மாறி ஓடினால் பாறைக்குப் பின்னால் அழுக்கு தங்காது. அதுவரை ராண்டம் மோட் நல்லது.

வேவ் பம்ப்பின் இன்னொரு பெறுமதியை நாங்கள் 2022-இல்தான் கண்டோம். அந்த மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ரிட்டர்ன் பம்ப், சில்லர், லைட் எல்லாம் செத்துக் கிடந்தன. என்னுடைய வேவ் பம்ப் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றரியைத் தொடராக இணைத்து, ஆகக் குறைந்த வேகத்தில், முகத்தை மேலே திருப்பிவிட்டேன். அந்த ஒரு சின்ன நெளிவில்தான் மீன்கள் எல்லாம் பிழைத்தன. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிகவும் குறைவாக இழுக்கும், இரவு முழுக்கத் தாங்கியது. வோல்ட்டும் கூட்டல் கழித்தலும் சரிபார்க்காமல் யாரும் இணைக்க வேண்டாம்.

உப்புக்காற்று

நல்ல விஷயம் சொன்னீர்கள் அண்ணை. சென்னையிலும் புயல் நாட்களில் இதே கதைதான்.

தம்பி, ராண்டமில் விடுங்கள். இனி செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும். மீனுக்குப் போடும் மைசிஸ் இறாலை ஊறவைத்த கலங்கல் தண்ணீரை ஒரு சிரிஞ்சில் எடுத்து, பம்ப் முன்னால் கொஞ்சம் விடுங்கள். அது எந்த வழியாகப் போகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே அப்படியே தொங்கி நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தொங்கி நிற்கும் இடம்தான் உங்கள் சிவப்புப் பாசிக்காரன் வீடு.

ஹேமரைப் பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும், நெல் வயலில் காற்று போவது போல ஆடினால் சந்தோஷமாக இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் படுத்து, மறு பக்கம் எலும்பின் கூரான விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் அடி அதிகம். அந்த விளிம்பில் தோல் உரசிக் கிழிந்தால் ஆறுவது கஷ்டம். வாய் சுருங்கி உள்ளே போயே கிடந்தாலும் ஓட்டத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு நான்கைந்து நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் 7, மதியம் 10, ராத்திரி 5 என்று திருகிக்கொண்டே இருந்தால் எது எதனால் என்று உங்களுக்கே தெரியாது.

சிப்பி

சிவப்புப் பாசிக்கு ஓட்டம் மட்டும் காரணம் இல்லை. நைட்ரேட், பாஸ்பேட் பார்த்தீர்களா? தண்ணீர் மாற்றும்போது அந்தத் தோலை மெல்லிய ட்யூபால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தேய்த்துப் பறக்கவிட்டால் வேறு இடத்தில் உட்காரும்.

புதுசு_கண்ணா (மதுரை)

எனக்கும் ஹேமர் மாதிரி வைக்க ஆசை. இங்கே எங்கே கிடைக்கும்? கடலோரத்தில் சொன்னால் எடுத்துத் தருவார்களா?

உப்புக்காற்று

வேண்டவே வேண்டாம். கல்பவளம் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ல் சேர்க்கப்பட்டுவிட்டது. புலிக்கு இருந்த அதே அட்டவணை. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அதை வெட்டி வெட்டி எடுத்த ஊர் எங்களுடையது, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மதுரையில் நல்ல க்ளவுன் ஜோடியோடு பாறைத் தொட்டி வையுங்கள், அதிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. வேவ் பம்ப் அதற்கும் வேண்டும்.

மூன்றடித்தொட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

இப்போது இருக்கும் நிலை: பம்ப் மேல்மட்டத்திலிருந்து மூன்றரை இன்ச் கீழே, ராண்டம், பகலில் உச்சம் 9, ராத்திரி 5. சாப்பாடு போடும்போது ஃபீட் பட்டன், பத்து நிமிடத்தில் தானாகவே திரும்ப ஓடுகிறது. எண்ணெழுத்து சொன்ன 8-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது, அவர் சிரிக்கலாம். ஆனால் பழைய இடத்தில் அதே 8 ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிகிறது.

நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08. சிரிஞ்ச் சோதனையில் வலது பின்மூலையில் கலங்கல் அப்படியே நின்றது. ஒரு பாறையை நான்கு விரல்கிடை முன்னால் நகர்த்தினேன், வழி கிடைத்தது. பாசியை இரண்டு தடவை உறிஞ்சி எடுத்தேன், மூன்றாவது வாரம் எடுக்க ஒன்றும் இல்லை. ஹேமர் முன்னை விட ஒன்றரை மடங்கு விரிகிறது. க்ளவுன் பெண் அதற்குள்ளேயே போய்ப் புரள்கிறது, அது நல்லதா கெட்டதா தெரியவில்லை, அதற்குத் தனி இழை போடுகிறேன்.

ஒன்று மட்டும் உதைத்தது. இடது முன்மூலைப் பள்ளத்தை மூடி, மணலைச் சமன் செய்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் பள்ளம், அடிக்கண்ணாடி தெரிகிறது. பம்ப் இப்போது மேலே பார்க்கிறது, மணலைப் பார்க்கவே இல்லை. வேகத்தை 6-க்குக் குறைத்தேன், பள்ளம். 5, பள்ளம். மூன்று நாள் இதோடு மல்லுக்கு நின்றேன்.

பழைய_பம்பு

தம்பி, உங்கள் முதல் பதிவில் பிஸ்டல் இறால் என்று ஒன்று எழுதியிருந்தீர்களே.

மூன்றடித்தொட்டி

ஆமாம் அண்ணா. நேற்று ராத்திரி பதினொரு மணிக்குச் சிவப்பு டார்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புல்டோசர் மாதிரி இரண்டு கையாலும் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது, கொட்டுகிறது, மீசையால் கோபியைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறது. இருபது நிமிடத்தில் பதினேழு தடவை எண்ணினேன். 14-ல் பறந்த மணல் பம்ப் வேலைதான், மற்றதெல்லாம் இவன் வேலை. வேகத்தைத் திரும்ப 9-க்கே ஏற்றிவிட்டேன்.